பிளசர் காரின் முகங்கள்

எங்கள் பக்கத்தில் எழுபது வயதைத் தொட்டவர்கள் காரை இன்னும் ‘பிளசர்’ என்றுதான் சொல்கிறார்கள். “மாப்பிள வீட்டுக்காரங்க நாலு பிளசர்ல வந்தாக” என்றால் நாலு கார் என்று அர்த்தம். பஸ், லாரி மாதிரியான பிழைப்பு வண்டிகளிலிருந்து சொந்தச் சவாரிக்கான வண்டியைப் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் வழங்கிய பெயர் அது. அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. நாகலாபுரத்துத் திண்ணைகளில் ஒழியவில்லை.

யோசித்துப் பார்த்தால் விநோதமான பெயர். விளாத்திகுளம் வட்டத்தின் கரிசல்காட்டில், மானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் போடும் ஊர்களில், சந்தோஷத்துக்காக யார் கார் பிடித்தார்கள்? பிரசவ வலி வந்தால் பிடித்தார்கள். பாம்பு கடித்தால் பிடித்தார்கள். கல்யாணத்துக்குப் பிடித்தார்கள், அதுவும் பொண்ணு மாப்பிள்ளைக்கு மட்டும். மிச்ச சனம் டிராக்டரிலோ லாரியிலோ வந்து சேரும். ஆனாலும் அந்த வண்டிக்குப் பெயர் பிளசர்.

இந்தக் கட்டுரை அந்த பிளசரைப் பற்றித்தான். தொழில்நுட்ப மொழியில் சொன்னால், பெரிய குடும்ப செடானைப் பற்றி. முன்னால் ஒரு மூக்கு, நடுவில் நாலு கதவு, பின்னால் ஒரு டிக்கி என்று மூன்று பெட்டிகளாக நிற்கும் கார். கார் கம்பெனிகள் அதைத் தங்கள் வரிசையில் எந்தப் படியில் வைக்கின்றன, எப்போது அதன் முகத்தை மாற்றுகின்றன என்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஷோரூம் சமாச்சாரம். நான் இதைப் படிக்கப் படிக்க, யார் எந்தக் காரில் உட்காரலாம், எந்த முகத்தோடு தெருவில் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் சரித்திரமாக அது விரிந்துகொண்டே போனது.

*

முதலில் அந்தப் படிக்கட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி ஒரே கார், எல்லோருக்கும் அதே கார். ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அதை முறியடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920களில் கண்டுபிடித்தது இன்ஜின் கிடையாது, ஒரு ஏணி. கீழ்ப்படியில் ஷெவர்லே, உச்சியில் கேடிலாக். நடுவில் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக். சம்பளம் உயர உயர ஆள் படியேறிக்கொண்டே போகலாம், ஆனால் கம்பெனியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1927இல் ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளரை அழைத்து ‘கலையும் வண்ணமும்’ என்று பெயர் வைத்து ஒரு தனிப் பிரிவையே தொடங்கினார்கள். அந்தப் பிரிவின் வேலை, போன வருஷம் வாங்கிய காரை இந்த வருஷம் பழசாகத் தெரிய வைப்பது. மாடல் டி அதே 1927இல் நின்றுபோனது.

இந்த ஏணியில் பெரிய குடும்ப செடானுக்கு ஒரு விசேஷ இடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்தவன் வாங்குவது சின்னக் கார். வேலையில் ஜெயித்தவன் வாங்குவது பெரிய செடான். அது ஓட்டுபவனுக்காக மட்டும் இல்லாமல், பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை ஊருக்குக் காட்டுவதற்காகவும் செய்யப்படும் வண்டி.

நமக்கு இது புதுசு கிடையாது. கார் வருவதற்கு முன்னால் கரிசல் கிராமங்களில் வில்வண்டி இருந்தது. பாரவண்டியில் பருத்தி மூட்டை ஏறும். வில்வண்டியில் வீட்டுப் பெண்கள் ஏறுவார்கள். கூண்டு, மெத்தை, மாட்டுக்குச் சலங்கை. அச்சுக்கும் தட்டுக்கும் நடுவில் இரும்பு வில் இருப்பதால் குலுங்காது. வில்வண்டி வைத்திருந்த வீடு எது என்று மூன்று தலைமுறை கழித்தும் ஊரில் சொல்வார்கள். பின்னால் வந்த அம்பாசிடரின் பின்சக்கரங்களுக்கு மேலேயும் அதே மாதிரி இரும்புப் பட்டைகள்தான் அடுக்கியிருந்தன. கரிசல்காட்டுக்காரர்களுக்கு அந்தக் கார் சீக்கிரம் புரிந்துபோனதில் ஆச்சரியமில்லை.

*

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு ஏணியே இல்லாமல் போனது. இங்கேயே தயாரிக்காமல் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1950களின் முற்பகுதியில் முடிவானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கடைசியில் கார் செய்ய மிஞ்சியவை மூன்று கம்பெனிகள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் பிரீமியர். மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். எத்தனை கார் செய்யலாம், என்ன பாகம் இறக்குமதி செய்யலாம் எல்லாவற்றுக்கும் டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றில் பெரிய வண்டி அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் உடம்பு. அங்கே 1956இல் வந்து 1959இல் வேறு உடம்புக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் மூன்று வருஷத்தில் கழற்றிப்போட்ட சட்டையை நாம் 2014 வரைக்கும் போட்டுக்கொண்டோம்.

சும்மாவும் போட்டுக்கொள்ளவில்லை. 1960களில் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. ஒவ்வொரு மார்க்கிலும் என்ன மாறியது என்று பார்த்தால், என்னை மாதிரி மென்பொருள் வேலைக்காரனுக்குச் சிரிப்பு வரும். கிரில் கம்பியின் பின்னல் மாறும். பார்க்கிங் விளக்கு இடம் மாறும். டேஷ்போர்டில் மீட்டர்கள் நகரும். பேக் எண்டில் ஒரு வரியைத் தொடாமல், முகப்புப் பக்கத்தின் கலரை மட்டும் மாற்றி, வெர்ஷன் நம்பரை ஏற்றி, கஸ்டமருக்கு மெயில் அனுப்புவோமே, அதேதான்.

இதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. காரின் உடம்பு இரும்புத் தகடு. கூரை, கதவு, மட்கார்டு ஒவ்வொன்றையும் அழுத்தி எடுக்கப் பெரிய பெரிய டைகள் வேண்டும். ஒரு புது உடம்புக்கான டைகளின் செலவு மலை மாதிரி. அந்தச் செலவு லட்சக்கணக்கான கார்களில் பங்கிட்டால்தான் தாங்கும். குறைந்த எண்ணிக்கையில் கார்கள் செய்ய அனுமதி பெற்ற கம்பெனிக்கு எப்படித் தாங்கும்? கிரிலும் விளக்கும் அப்படி இல்லை, மலிவாக மாற்றலாம். மேலும், பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது முகத்தை மாற்றி யாரை மயக்க வேண்டும்? மார்க் 2, மார்க் 3 என்று மாற்றியதே பெரிய விஷயம்தான்.

நாகலாபுரம் பக்கத்து வாடகைக் கார் டிரைவர்களிடம் மார்க் எத்தனை என்று கேட்டால் சொல்வார்கள். ஆனால் அவர்கள் காரை அளந்தது வேறு கணக்கில். முன்னால் முழு நீள பெஞ்சு சீட். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், தரையில் இருக்காது. அதனால் டிரைவரோடு சேர்ந்து முன்னால் நாலு பேர் நெருக்கி உட்காரலாம், டிரைவர் கதவோரமாகச் சாய்ந்து ஓட்டுவார். பின்னால் ஐந்து பேர், மடியில் பிள்ளைகள் கணக்கில்லை. டிக்கியில் ஆட்டுக்குட்டி உள்பட எது வேண்டுமானாலும். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனால் கூட ஏழெட்டுப் பேர் போவார்கள். போகாவிட்டால் குடும்பம் இல்லை. குடும்பக் கார் என்பதற்கு எங்கள் ஊர் கொடுத்த விளக்கம் அது.

1980ஐ ஒட்டி அம்பாசிடரில் டீசல் இன்ஜின் வந்தது. எந்த கிரில் மாற்றத்தையும்விட வாடகைக் கார்களுக்கு அதுதான் உண்மையான புது மாடல். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாத தூரங்கள் அதற்குப் பிறகு கட்டுப்படியாயின. 1993இல் இசுசூ இன்ஜினோடு 1800 ஐஎஸ்இசட் வந்தபோது முன்சீட் இரண்டாகப் பிரிந்தது, கியர் தரைக்கு இறங்கியது. பத்திரிகைகள் பாராட்டின, வேகமான வண்டி என்று. கல்யாணப் பார்ட்டிக்கு அது இரண்டு ஆள் நஷ்டம்.

*

1980களின் நடுவில் ஒரு சின்ன நாடகம் நடந்தது. மூன்று கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பெரிய செடான் கனவு கண்டன. அதில் ஒன்று நம்முடைய மெட்ராஸ் கதை என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்தார்கள், 948 சிசி இன்ஜின். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு. அங்கே அது இரண்டு கதவுக் கார். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெரியம்மாவை அப்படிக் குனிய வைத்து இங்கே கார் விற்க முடியுமா? 1960களின் பிற்பகுதியில் மெட்ராஸ்காரர்கள் அதற்கு நாலு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் இல்லாத ஹெரால்டு அது. இந்தியக் கார் சரித்திரத்தில் குடும்பத்துக்காகச் செய்த உருப்படியான மாற்றங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன். பின்னர் கெஸல் என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓடி, 1970களின் பிற்பகுதியில் கார் தயாரிப்பே நின்றது. வேன்கள் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள்.

1985இல் அவர்கள் திரும்பி வந்தார்கள், ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரோடு. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் வடிவமைத்து 1976இல் வந்த கார், 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது வாங்கியது. நீளமான தாழ்ந்த மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, அங்கே உள்ளே எட்டு சிலிண்டர் இன்ஜின். மெட்ராஸில் அந்த மூக்குக்குள் என்ன வைத்தார்கள்? 1940களின் கடைசியில் வந்த வேன்கார்டு காரின் வழிவந்த 1,991 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். நம் ரோட்டுக்காக உடம்பைத் தூக்கி வைத்தார்கள். பந்தயக் குதிரைக்கு வேட்டியை மடித்துக் கட்டிய மாதிரி நின்றது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த காண்டசாவும் இதே சூத்திரம். 1970களின் வாக்ஸ்ஹால் உடம்பு, உள்ளே ஆரம்பத்தில் அம்பாசிடரின் அதே 1,489 சிசி இன்ஜின். பிரீமியர் 118என்இ ஃபியட் 124இன் உடம்பில் நிசான் இன்ஜின் வைத்தது. மூன்றிலும் படிப்பது ஒன்றுதான். மேல்படியின் முகத்தைக் கொண்டுவந்து கீழ்படியின் இதயத்தில் பூட்டினார்கள். ஏணி இல்லாத வீட்டில் மாடி கட்டியது மாதிரி.

காண்டசா பிழைத்தது. பின்னால் இசுசூ இன்ஜின் கிடைத்து 2002 வரை ஓடியது. ஸ்டாண்டர்ட் 2000 பிழைக்கவில்லை. விலை அதிகம், பெட்ரோல் குடிக்கும், முகம் கொடுத்த வாக்கை இன்ஜின் காப்பாற்றவில்லை. 1988வாக்கில் தயாரிப்பு நின்றது, கம்பெனியும் அதிலிருந்து எழவில்லை. 1983இல் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்த மாருதி 800 சின்னதாக இருந்தாலும் சொன்னதைச் செய்தது. இந்தியாவின் நிஜமான கார் ஏணி அந்தச் சின்னப் படியிலிருந்துதான் கட்டப்பட்டது. 1990இல் மாருதி 1000, 1994இல் எஸ்டீம் என்று அதே கம்பெனி அடுத்த படிகளை வைத்தது.

நான் பொறியியல் படித்த காலத்தில் டிசைன் என்றால் வெளித்தோற்றம் என்றும் இன்ஜினியரிங் என்றால் உள்ளிருப்பது என்றும் பிரித்துப் பேசுவோம். ஸ்டாண்டர்ட் 2000ஐப் படித்த பிறகு அந்தப் பிரிவினை மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முகம் ஒரு வாக்குறுதி. உள்ளே இருப்பதுதான் அதை நிறைவேற்ற வேண்டும்.

*

1993இல் கார் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை என்றானது. அடுத்த சில வருஷங்களில் ஏணியின் பல படிகள் சென்னையைச் சுற்றியே தயாராயின. திருவள்ளூரில் 1998இல் மிட்சுபிஷி லேன்சர், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கூட்டணியில். மறைமலை நகரில் 1999இல் ஃபோர்டு ஐக்கான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவைக் கீழ்ப்படியாக வைத்து, 1999இல் ஆக்சென்ட், 2001இல் சொனாட்டா என்று மேலே கட்டியது.

இதில் ஐக்கான் கவனிக்க வேண்டிய கார். ஐரோப்பாவில் ஃபியஸ்டா என்பது டிக்கி துருத்தாத ஹேட்ச்பேக். அதற்கு ஒரு டிக்கியை ஒட்டி இந்தியாவுக்கென்று செய்தது ஐக்கான். ஏன் ஒட்டினார்கள்? நம்மூரில் டிக்கி இருந்தால்தான் காரு. டிக்கி இல்லாதது சின்னக் கார். மறைமலை நகரில் ஒட்டிய அந்த டிக்கி, சாமான் வைக்கும் இடம் என்பதைவிட, ஏணியில் ஒரு படி மேலே போனதற்கான ரசீது.

முகம் மாற்றும் வேகமும் இந்தக் காலத்தில்தான் கூடியது. பழைய அம்பாசிடரின் பம்பர் இரும்பு, குரோம் பூசியது. புதுக் கார்களின் முகத்தில் பெரும்பகுதி பிளாஸ்டிக். பம்பர், கிரில், விளக்கு மூன்றையும் மாற்றினால் இரும்பு உடம்பைத் தொடாமலேயே ஆள் மாறிய மாதிரி தெரியும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு புது உடம்பு, நடுவில் ஒரு ஃபேஸ்லிஃப்ட் என்று காலண்டர் போட்டுவிட்டார்கள். ஹூண்டாய் வெர்னா 2006இல் வந்தது. 2010இல் முகம் மாறி ‘டிரான்ஸ்ஃபார்ம்’. அடுத்த வருஷமே உடம்பும் மாறி ‘ஃப்ளூயிடிக்’. அந்த ஓடும் நீர்க்கோடுகள் சின்னக் காரிலும் வந்தன, சொனாட்டாவிலும் வந்தன. கீழ்ப்படியில் இருப்பவன் முகத்தில் மேல்படியின் சாயலைக் காட்டுவது ஸ்லோன் காலத்து வித்தை. தம்பி அண்ணன் சாயலில் இருந்தால் நாளைக்கு அண்ணனை வாங்கத் தோன்றும்.

உச்சிப் படி மட்டும் இந்தியாவில் கடைசிவரை ஒட்டவில்லை. சொனாட்டா போனது, ஹோண்டா அக்கார்டு போனது. பெரிய செடான் இந்தியாவில் பின்சீட்டு முதலாளியின் வண்டியாகவே பார்க்கப்பட்டது. குடும்பத்தோடு ஓட்டிப்போக நினைத்தவர்கள் அதே காசுக்கு உயரமான வண்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவிலேயே ஃபோர்டு 2018இல் இனிமேல் செடான் வேண்டாம் என்று அறிவித்தது. அந்த ஃபோர்டு மறைமலை நகரிலிருந்தும் 2022இல் தயாரிப்பை முடித்துக்கொண்டு கிளம்பியது வேறு கதை.

*

இந்தியக் குடும்ப செடானின் உண்மையான வடிவமைப்பாளர் யார் என்று என்னைக் கேட்டால், நிதி அமைச்சகம் என்பேன்.

2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்குள். பெட்ரோல் இன்ஜின் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். நல்ல நோக்கம்தான். ஆனால் விதி என்று ஒன்று எழுதினால் அதன் விளிம்பில் போய் நிற்பதுதான் இன்ஜினியர்களின் குணம். நாங்கள் மெமரி லிமிட்டுக்குக் கோடு எழுதுவோம், அவர்கள் மீட்டர் லிமிட்டுக்குக் கார் செய்தார்கள்.

டாடா 2008இல் இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் கொண்டுவந்தது. அதே வருஷம் வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012இல் புது டிசையர் வந்தபோது நீளம் 3,995. வெட்டியது 165 மில்லிமீட்டர், முக்கால் சாண் இருக்கும். முழுக்க டிக்கியிலிருந்து. முன்னால் கம்பீரமான மூக்கு, நடுவில் நாலு கதவு, பின்னால் திடீரென்று யாரோ கதவைச் சாத்திய மாதிரி ஒரு குட்டை வால். கார் அழகு தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சனம் வாங்கித் தள்ளியது. அமேஸ், எக்ஸென்ட், ஜெஸ்ட், ஆஸ்பயர், அமியோ என்று வால் குட்டையான ஒரு வம்சமே பிறந்தது. உலகத்தில் வேறெங்கும் இத்தனை அடர்த்தியாக இல்லாத வம்சம்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் இந்த நாலு மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40 சதவீதம். ஸ்லோன் மார்க்கெட்டிங்கில் கட்டிய ஏணியை நாம் வரி அட்டவணையில் கட்டியிருக்கிறோம்.

*

இந்த வால் குட்டைக் கார்களில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

2012இல் புது டிசையர் வந்தபோது மாருதி பழைய டிசையரை நிறுத்திவிடவில்லை. அந்தப் பழைய முகத்தை ‘டூர்’ என்று பெயரிட்டு டாக்சிக்காரர்களுக்கு விற்றது. 2017இல் அடுத்த டிசையர் வந்ததும், அதுவரை குடும்பத்துக்கு விற்ற முகம் ‘டூர் எஸ்’ ஆனது. 2023இல் டூர் எஸ் அடுத்த முகத்துக்கு மாறியது. 2024இல் டிசையருக்கு, ஸ்விஃப்டின் சாயலே இல்லாத புது முகம் வந்தது. மற்ற கம்பெனிகளும் இதே வழிதான். எக்ஸென்ட்டுக்கு ‘பிரைம்’ என்று ஒரு டாக்சி வகை இருந்தது.

கம்பெனியின் கணக்கு எளிமையானது. ஒரு கார் டாக்சியாக நிறைய ஓடினால் சொந்தமாக வாங்குகிறவர்கள் ஒதுங்குவார்கள். டொயோட்டா எட்டியோஸ் நல்ல கார், உழைக்கிற கார். டாக்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். அதனாலேயே வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். “நம்ம வாசல்ல நின்னா ஆளுங்க எங்க போகணும்னு கேப்பாங்க” என்று சிரிப்பார்கள். ஆகவே டாக்சிக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம். வீட்டு முகம் பழசானால் டாக்சிக்கு இறங்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து டாக்சி ஓட்டுகிறவர்கள் நிறைய. மழை ஏமாற்றிய ஒவ்வொரு வருஷமும் கொஞ்சப் பேர் கூடுவார்கள். என் சித்தப்பா முறை உள்ள ஒருவர் இப்படி வந்தவர். நாலு மீட்டருக்குள் அடங்கும் ஒரு வெள்ளை செடான், லோன் போட்டது. அவரிடம் ஒருமுறை கேட்டேன். “ஏன் சித்தப்பா, இந்த மாடல் போய் ரெண்டு வருஷமாச்சே, புதுசு எடுத்திருக்கலாமே?”

“அது ஓன் போர்டுக்காரங்களுக்கு உள்ளதுடா. டி போர்டுக்கு இந்த மூஞ்சிதான்” என்றார். கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

அந்தக் கோபமின்மைதான் என்னை உறுத்தியது. விலை குறைவு, பராமரிப்பு எளிது, பழகிய இன்ஜின். பழைய முகத்தை வாங்குவதில் அவருக்கு லாபம்கூட இருக்கலாம். ஆனால் ஒருத்தர் நேற்று உடுத்தியதை இன்னொருத்தர் இன்று உடுத்துவது எங்கள் ஊரில் என்னவாக இருந்தது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யார் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம், யார் வில்வண்டி ஏறலாம் என்றெல்லாம் கணக்கு இருந்த மண் அது. கார் கம்பெனி சாதி பார்த்து இதைச் செய்யவில்லை. சந்தையைப் பார்த்துச் செய்கிறது. ஆனால் ‘அவர்கள் வண்டி மாதிரி நம் வண்டி இருக்கக் கூடாது’ என்று வாங்குகிறவர் மனசில் இருப்பதைக் கம்பெனி சரியாகப் படித்து, அதற்கு ஒரு கிரில் செய்து கொடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் பழைய அம்பாசிடரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலெக்டர் வந்து இறங்கியது அம்பாசிடர். சிவப்பு விளக்கோடு அமைச்சர் போனது அம்பாசிடர். பாம்பு கடித்தவரைக் கோவில்பட்டிக்குத் தூக்கிப்போனதும் அம்பாசிடர். விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மூடிவிட்டால் மூன்றும் ஒரே முகம். இதைச் சமத்துவம் என்று கொண்டாட நான் தயாரில்லை. எங்கள் ஊர்களில் அந்தக் காரைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்கள் அவசரத்துக்கு வாடகை கொடுத்து ஏறியவர்கள், அந்த வாடகைக்கே கம்மலை அடகு வைத்தவர்கள். வேறு கார் கிடைக்காத பஞ்சம் கொடுத்த ஒற்றுமை அது. பஞ்சம் தீர்ந்ததும் முதலில் நாம் செய்த வேலை, முகத்தைப் பிரித்துக்கொண்டதுதான்.

*

இப்போது நாகலாபுரத்தில் ஒரு கல்யாணம் என்றால் வாசலில் நிற்கும் பெரிய வண்டி செடானாக இருப்பதில்லை. இன்னோவா, பொலீரோ, ஸ்கார்பியோ நிற்கின்றன. நகரத்து விமர்சகர்கள் எஸ்யூவி மோகம் என்று எழுதுகிறார்கள். மோகம் இல்லாமலும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஐந்து பேருக்கு மேல் ஏற்றும் வண்டிக்கு எப்போதும் ஒரு நியாயம் இருந்தது. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தை விடாது, உயரமான வண்டிதான் தாண்டும். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஏழெட்டுப் பேர்தான் போகிறார்கள். பெஞ்சு சீட்டைக் கழற்றிய நாளில் செடான் எங்களை இறக்கிவிட்டது. இருபது முப்பது வருஷம் கழித்து ஏழு சீட்டு வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. கம்பெனிகள் அதை எந்தப் படியில் வைத்து விற்றாலும் ஊர் அதைத் தலையை எண்ணித்தான் வாங்குகிறது.

செடான் என்ன ஆனது? சென்னையில் டாக்சியாக ஓடுகிறது. பெட்ரோலுக்குக் கட்டாது என்று பெரும்பாலும் சிஎன்ஜி. அந்த சிலிண்டரை எங்கே வைப்பது? டிக்கியில்தான். குடும்பக் காரின் அடையாளம் என்று மறைமலை நகரில் ஒட்டிய, வரிக்காக முக்கால் சாண் வெட்டிய, அந்தஸ்தின் ரசீதாக ஐம்பது வருஷம் சுமந்த அந்த மூன்றாவது பெட்டிக்குள் இப்போது கேஸ் இருக்கிறது. சாமான் வைக்க இடமில்லை.

அதனால் கூரை மேல் கேரியர் போட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூர்ப் பக்கம் போய் நின்று பாருங்கள். தெற்கே போகும் டி போர்டு வண்டிகளின் தலையில் பெட்டி, சைக்கிள், கரும்புக்கட்டு, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் ஐந்து பேருக்கான வண்டியில் ஏழு பேர் இருப்பார்கள். முகம் போன தலைமுறையுடையது. விடியும்போது அருப்புக்கோட்டை தாண்டியிருக்கும்.